இன்னொண்ணு காட்டு

அண்ணாச்சி முதலில் வருகிற பஸ்ஸில் ஏற மாட்டார்.

அவர் எனக்கு முதலாளி. என் தம்பி கல்யாணத்துக்கு ஆத்தூர் வந்தவர், பந்தியில் சாப்பிட்டு முடித்து, தூத்துக்குடிக்குத் திரும்ப என்னோடு ரோட்டில் வந்து நின்றார். பஸ் வந்தது. ஜன்னலோர சீட்டெல்லாம் சும்மா கிடந்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, “ஏறுங்க அண்ணாச்சி” என்று கூப்பிடவும் செய்தார். இவர் பஸ்ஸை முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பஸ் போய்விட்டது.

“ஏன் அண்ணாச்சி, காலியாத்தான வந்துச்சு?”

“அதாம்ளா யோசிக்கேன். நல்ல பஸ்ஸுன்னா ஏன் காலியா வாரான்?”

அடுத்த பஸ் ஆறுமுகநேரியிலேயே நிரம்பி வந்தது. பட்டுச்சேலையோடு நான் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு வந்தேன். அண்ணாச்சி கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, “பாத்தியா, இதுக்கு எம்புட்டு கிராக்கின்னு” என்று சந்தோஷமாகச் சொன்னார். கடித்துவிடலாம் போல இருந்தது.

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால், “வேற பேரு இல்லையாளா?” என்று கேட்கக்கூடிய ஆள்.

உடன்குடிக் கருப்பட்டி வியாபாரம் அவர்கள் குடும்பத்துக்கு. அந்த வியாபாரத்தில் சரக்கு எடுக்கப் போகிறவர்கள், முதலில் காட்டுகிற ஓலைக் கொட்டானில் கையே வைக்க மாட்டார்களாம். வைத்தால், இவனுக்குச் சரக்குத் தெரியாது என்று விற்கிறவன் முடிவுகட்டிவிடுவானாம். இரண்டாவது கொட்டானில் ஒன்றை உடைத்து, ஒரு துணுக்கை நாக்கில் வைத்து, முகத்தைச் சுளிக்க வேண்டும். மூன்றாவதுக்கும் சுளிக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் விற்கிறவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே போய் நல்லதை எடுத்து வருவான். “கடைக்காரன் முன்னால வைக்கது அவனுக்கு வேண்டாத சரக்கு” என்பது அண்ணாச்சி நாளைக்கு நாலு முறை சொல்கிற வாக்கியம். அந்தச் சுளிப்பு அவருக்கு முகத்தோடு ஒட்டிப்போயிருந்தது. கல்யாண ஆல்பத்தில்கூட தாலி கட்டிவிட்டு அப்படித்தான் நிமிர்ந்து பார்க்கிறார்.

ஆல்பத்தைக் காட்டியது மதினி. அண்ணாச்சியின் மனைவியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். “என்னத்தான் முதல்ல பாத்தாரு. வேண்டாம்னுட்டுப் போயி, ஊரு ஊரா எட்டுப் பிள்ளைகளப் பாத்துட்டு, திரும்ப எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. எங்கப்பா என்ன சொன்னாவ தெரியுமா? ‘மாப்பிள்ள, இந்த வீட்டுல வேற சரக்கு இல்ல’ன்னாவ.” மதினி சிரிக்காமல்தான் சொல்லுவார். கேட்கிறவர்களுக்குத்தான் வயிறு வலிக்கும்.

கீழே கருப்பட்டிக் கடை, மேலே கம்ப்யூட்டர் கேம் கம்பெனி. அப்படி ஒரு கட்டடத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அண்ணாச்சி இன்ஜினீயரிங் படித்தவர். படித்ததைவிட விளையாடினது அதிகம். கடையை மதினியிடம் விட்டுவிட்டு, குடோனாகக் கிடந்த மாடியை வெள்ளையடித்து நாலு கம்ப்யூட்டர் போட்டார். வெயில் ஏற ஏற சுவரிலிருந்து கருப்பட்டி வாசம் கிளம்பும். எறும்பு கீபோர்டுக்குள் குடியிருக்கும். ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர் லாரி ஒவ்வொன்றுக்கும் மானிட்டர் நடுங்கும்.

நான் ஒரு ஷிப்பிங் ஏஜென்ட் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். புரோகிராம் எழுத எந்தக் காலேஜும் சொல்லித் தரவில்லை. பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டே போனைப் பார்த்துப் படித்ததுதான். அண்ணாச்சி ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டு முதல் ஆளாகப் போனேன். முதல் ஆளாகப் போனதுதான் தப்பு. ரெண்டு கேள்வி கேட்டுவிட்டு, “சொல்லி அனுப்புதேன்” என்றார். ஒரு மாதம் கழித்து மதினிதான் போன் செய்தார். “ஏளா, நீ இன்னும் அந்த டைப் வேலையிலதான் இருக்கியா? வாரவன் போறவனையெல்லாம் பாத்துட்டாரு. இப்ப, ‘அந்த ஆத்தூர்ப் பிள்ள எங்க’ன்னு கேக்காரு.”

படம் வரைவதற்கு ரெமிஜியுஸ் என்று கடற்கரைத் தெருப் பையன் ஒருவன் இருந்தான். கல்யாணமாகி ரெண்டு பிள்ளை. இருந்தாலும் அண்ணாச்சிக்கு அவன் ‘ஏலே ரெமி’தான். ஆக மொத்தம் மூன்று பேர். கம்பெனி அவ்வளவுதான்.

இந்த மூன்று பேருக்கு பெங்களூரிலிருந்து ஒரு பெரிய வேலை வந்தது. மாயக்கடல் ஒன்று, அதில் தீவு தீவாக ஊர்கள். விளையாடுகிறவன் முத்துக்குளிக்கிறவனாக வந்து, ஊர் ஊராகப் படகில் போய், கடலுக்கடியில் இருக்கிற பூதங்களோடு மல்லுக்கட்டி முத்தெடுக்க வேண்டும். முத்து என்றதும் அவர்களுக்குத் தூத்துக்குடி ஞாபகம் வந்திருக்கிறது. முதல் கட்டமாக அந்த உலகத்தின் வரைபடத்தையும், அதில் இருக்கிற நானூறு சொச்சம் ஊர்களுக்குப் பெயரையும் நாங்கள் கொடுக்க வேண்டும். அது பிடித்துப்போனால் தீவுகள் முழுவதையும் கட்டுகிற வேலை எங்களுக்கு. ரெண்டு வருஷத்துக்குக் கவலை இல்லை.

எனக்கு அந்த ரெண்டு வருஷம் வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஹார்பரில் ஷிப்ட் வேலை. மகள் ரெண்டாம் வகுப்பு. சென்னையில் ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. போனால் நான் மட்டும்தான் போக வேண்டும். எனக்குத் தெரிந்த இந்த வேலைக்குத் தூத்துக்குடியில் வேறு வாசல் கிடையாது. பெங்களூர்க்காரன் சரி என்று சொன்னால் வீட்டில் மூன்று பேரும் ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிடுவோம். இல்லையென்றால் இல்லை. இது அண்ணாச்சிக்கும் தெரியும்.

நானூறு பெயரை உட்கார்ந்து யோசிக்க முடியுமா? அதற்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். பெயரின் முன்பாதிகள் ஒரு பக்கம், பின்பாதிகள் ஒரு பக்கம். கோர, சேல, ஆழி, துவர என்று இந்தப் பக்கம். நேரி, முனை, மடம், அணை என்று அந்தப் பக்கம். பொத்தானை அழுத்தினால் எந்திரம் கண்ணை மூடிக்கொண்டு இதில் ஒன்றும் அதில் ஒன்றும் எடுத்து ஒட்டிக் கொடுக்கும். சேலமுனை வரும். துவரணை வரும். சில நேரம் விழுநேரி என்று வரும். “அங்கன போனா படகு கவுந்துருமோ?” என்று ரெமி கேட்பான். அதை மட்டும் தள்ளிவிட வேண்டும். மற்றதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருந்தன. ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடுகிற வேலை.

பொத்தானை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அங்கே ஆரம்பித்தது சனியன்.

முதல் பெயர் வந்தது. அண்ணாச்சி அதைப் படிக்கக்கூட இல்லை. தள்ளினார். ரெண்டாவதை வாய்க்குள் போட்டு உருட்டினார். “துவரணை… துவரணை…” சுளிப்பு. தள்ளினார். மூன்றாவது. சுளிப்பு. சாயங்காலம் வரைக்கும் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது வரைபடத்தில் ஒரு பெயர்கூட ஏறவில்லை.

“அண்ணாச்சி, எல்லாம் ஒரே கலவைதான். பின்னால வாரது முன்னால வந்தத விட நல்லா இருக்கும்னு ஒண்ணும் கிடையாது.”

“உனக்குத் தெரியாதுளா. இது இன்னும் உள்ள கைய விடல. இப்பம் போடுததெல்லாம் மேலாப்புல கிடக்குத சரக்கு.”

“உள்ளன்னு ஒண்ணு இல்ல அண்ணாச்சி.” புரோகிராமையே திறந்து காட்டினேன். ஒரு பக்கம்கூட வராது. “இந்தா பாருங்க, கடை மொத்தமும் இவ்வளவுதான்.”

மேலிருந்து கீழாகப் பார்த்தார். “சரி. குடோன் எங்கன இருக்கு?”

நான் எழுந்து கீழே போய், மதினியிடம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் வந்ததும், “ஏளா, நேத்து ஒண்ணு வந்துச்சே, ‘ழி’ன்னு நடுவுல வரும், அது நல்லா இருந்துச்சுளா” என்றார். தள்ளியதையெல்லாம் எந்திரம் மறந்துவிடும் என்று சொன்னபோது, நான் ஏதோ அவர் பொருளைத் தொலைத்துவிட்டதுபோலப் பார்த்தார். சரி என்று, தள்ளிய பெயர்களையும் சேர்த்துவைக்கிற மாதிரி புரோகிராமை மாற்றினேன். அதற்கு அடுத்த நாள், முந்தின நாள் கேட்ட மாதிரியே ஒரு பெயரைக் கேட்டார். எடுத்து நீட்டினேன். ஆழிமடம். அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்தது. அப்புறம் மெதுவாகக் கூம்பியது.

“இது நேத்துலேருந்து இங்கனதான் கிடக்கா?”

“ஆமா.”

“யாரும் எடுக்கலையா?”

“யாரு அண்ணாச்சி எடுப்பா? நம்ம மூணு பேருதான இருக்கோம்?”

“அப்பம் என்னமோ குறை இருக்குளா” என்று தள்ளிவிட்டார்.

இப்படி மூன்று வாரம் போனது. எந்திரத்தை ஏமாற்ற அண்ணாச்சி என்னவெல்லாமோ செய்தார். நல்ல பெயர் வந்தால் பிடித்ததைக் காட்டிக்கொள்ளாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு தட்டுவார். எதிரே ஆள் இல்லாத பேரம் அது. இவர் சுளிப்பதைப் பார்த்து இறங்கிவர அங்கே யாருமே இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். பெங்களூரில் எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டவர் நல்ல மாதிரி மனிதர், தமிழ் ஆள்தான். ரெண்டு நாளுக்கு ஒருமுறை கூப்பிட்டு, “எப்ப முடியும்?” என்பார். “நல்ல சரக்கு இப்பத்தான் சார் வர ஆரம்பிச்சிருக்கு” என்பார் இவர். ராத்திரி சோறு போடும்போது என் வீட்டுக்காரர், “பேரு வச்சாச்சா?” என்று கேட்பார். குழந்தை பிறந்த வீட்டில் கேட்கிற மாதிரி. நான் கரண்டியைச் சத்தமாக வைப்பேன்.

வழி பிறந்தது ரெமியால். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. கோரணை என்று ஒரு பெயர் வந்ததும் அவனுக்கு அது பிடித்துப்போய்விட்டது. பிறைநிலா மாதிரி ஒரு தீவு வரைந்து வைத்திருந்தான். அதில் அந்தப் பெயரை எழுதிவிட்டு, “அண்ணாச்சி, இத மட்டும் கேக்காதிய. இது எனக்கு” என்றான்.

அண்ணாச்சியின் கை பொத்தானில் அப்படியே நின்றது. “எத?”

“கோரணை. இந்தத் தீவுக்குன்னு நான் எடுத்துக்கிட்டேன். நீங்க வேற பாத்துக்கிடுங்க.”

“ஏலே, இங்க காட்டு.” எழுந்து வந்து அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். வாய்க்குள் உருட்டினார். சுளிப்பே இல்லை. “சவத்துக்குப் பெறந்த பயலே, நல்லத எல்லாம் இங்கன கொண்டுவந்து பதுக்குதியா? எடு. இதுதான் தலைநகரம்.”

ரெமியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மறுநாளிலிருந்து நாங்கள் கடை விரித்தோம். காலையில் நான் ஐம்பது அறுபது பெயரை எடுத்து, ‘ரெமிக்கு’ என்று தனியாக ஒதுக்கி வைத்துவிடுவேன். அண்ணாச்சி வந்து எட்டிப் பார்ப்பார். “அது என்னதுளா?”

“அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ரெமி சொல்லிவச்சது. நீங்க உங்க பொத்தானத் தட்டுங்க.”

“காட்டு.”

“குடுத்துட்டுப் பேச்சு வாங்க என்னால முடியாது. அவன்கிட்டயே கேளுங்க.”

ரெமி நன்றாக நடித்தான். ஒவ்வொன்றுக்கும் அழாத குறையாகச் சண்டை போடுவான். “ஆழிமடத்த மட்டும் விட்டுருங்க அண்ணாச்சி, பிள்ளைகிட்டகூட சொல்லிட்டேன்” என்று காலைப் பிடிக்காத குறை. அண்ணாச்சி இரக்கமில்லாமல் பறித்தார். ரெண்டு முறை தள்ளிய அதே ஆழிமடம். ஒரு வாரத்தில் நானூறு சொச்சம் ஊருக்கும் பெயர் ஏறிவிட்டது. மதினி மாடிக்கு வந்து வரைபடத்தைப் பார்த்துவிட்டு என் காதில் கேட்டார்: “எப்படிளா செஞ்ச?”

“விக்க மாட்டேன்னு சொன்னேன், மதினி.”

“எங்கப்பாவுக்கு இது தெரியாமப் போச்சே” என்றார்.

அந்த வாரம் நான் வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு சமைத்தேன் என்று மகள் இப்போதும் சொல்கிறாள். இருக்கும்.

அனுப்புகிற நாள் வந்தது. வரைபடத்துக்கு லிங்க் அனுப்பிவிட்டு, மூன்று பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். பெங்களூர்க்காரர் திரையில் வந்தார். எங்கள் கடலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். கோரணையைப் பெரிதாக்கிப் பார்த்தார். கடைசியில் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார்.

“சூப்பர் சார். ஒண்ணுகூட மாத்த வேண்டாம். அப்படியே எடுத்துக்கறோம். அடுத்த வேலையைப் பேசிடலாம்.”

ரெமி மேசைக்கடியில் என் காலை மிதித்தான். நான் அவன் காலை மிதித்தேன். அப்போதுதான் அண்ணாச்சியைப் பார்த்தேன். முகம் செத்துப்போயிருந்தது. மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ஏளா, ஒத்த வார்த்தையில சரின்னுட்டானே.”

“சரின்னுதான் அண்ணாச்சி சொல்லணும்.”

“ஒண்ணுகூட வேண்டாம்னு சொல்லலையே. மூஞ்சியக்கூட சுளிக்கலையே. வாங்குதவன் அப்படி எடுத்தான்னா நம்ம தெரியாம நல்ல சரக்கத் தூக்கி வீசிருக்கோம்னு அர்த்தம். இல்லன்னா அவனுக்கு இதுல வேற ஏதோ கணக்கு இருக்கு.”

“அண்ணாச்சி, அவருக்குப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான். கும்பிடுதேன், மைக்கப் போட்டு தேங்க்ஸ்னு சொல்லுங்க.”

மைக்கைப் போட்டார். “சார், இது ஃபைனல் இல்ல.”

திரையில் அந்த மனிதர் விழித்தார். “இல்ல சார், எங்களுக்கு ஓகே. ஹேப்பிதான்.”

“நீங்க ஹேப்பின்னுதான் சார் எனக்கு யோசனையா இருக்கு. ஒரு மாசம் குடுங்க. இத விட நல்லது இருக்கு. இத நான் திரும்ப எடுத்துக்கிடுதேன்.”

“சார், எங்களுக்குத் தேதி இருக்கு…”

“நல்ல சரக்குக்குக் கொஞ்சம் பொறுக்கணும் சார்.” சொல்லிக்கொண்டே அந்த லிங்க்கை அழித்து ஃபைலைத் திரும்ப எடுத்துவிட்டார். எங்கள் கண் முன்னால், நானூறு சொச்சம் ஊரும் ஒரே தட்டலில் போயின.

வாங்குகிற அண்ணாச்சியை எப்படி மடக்குவது என்று ராப்பகலாக யோசித்த எனக்கு, இவர் ஒருநாள் விற்கிறவராகவும் உட்காருவார் என்று தோன்றவே இல்லை. பெங்களூர்க்காரர் அப்புறமும் ரெண்டு முறை கூப்பிட்டார். நானே தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் வருத்தத்தோடு, மேலே இருப்பவர்கள் இதைக் கேட்டுப் பயந்துவிட்டார்கள், வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள் என்றார். அந்த கேம் வெளியே வந்தபோது இறக்கிப் பார்த்தேன். ஊர்களுக்கெல்லாம் வேறு என்னென்னவோ பெயர். ரெமியின் பிறைநிலாத் தீவும் இல்லை. அண்ணாச்சியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் விளையாடிப் பார்த்துவிட்டு, “நல்லவேளை, தப்பிச்சோம்ளா” என்றார். எதிலிருந்து தப்பித்தோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இத்தனைக்கும் கெட்ட மனிதர் இல்லை. என் மகளுக்குக் காய்ச்சல் என்றால் மதினியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவைப்பார். ஒரு மாதச் சம்பளம்கூடத் தாமதித்தது கிடையாது. ரெமி வீட்டுக்குத் திருநாள் பலகாரம் எடுக்கப் போய், கடைகடையாக ஏறி இறங்கி, திருநாள் முடிந்து மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்த ஆள். கோபப்பட்டால், ஏன் கோபப்படுகிறோம் என்று உண்மையாகவே புரியாமல் பார்ப்பார்.

வேலை வரவில்லை. ரெமி கல்யாண ஆல்பம் செய்கிற ஸ்டூடியோவுக்குப் போனான். மாடியில் அண்ணாச்சியும் நானும் எறும்பும்தான். சென்னைக்காரர்கள் மறுபடி கூப்பிட்டார்கள். ரெண்டு நாளில் பதில் சொல்கிறேன் என்றேன்.

எனக்குப் போக மனசில்லை. வீட்டுக்காரரும் நானும் ராத்திரி முழுக்கப் பேசி முடிவுக்கு வராமல் தூங்கினோம். அண்ணாச்சியிடம் போய்ப் ‘போகிறேன்’ என்று சொல்லிப் பார்ப்பது என்று எனக்குள் ஒரு கணக்கு. இவர் எதையாவது முதல் பேச்சிலேயே ஒத்துக்கொண்டிருக்கிறாரா? வேண்டாம்பார். பொறு என்பார். சம்பளத்தைப் பாதியாக்கிக்கொண்டு கீழே கடையில் இரு என்பார். அதற்கும் நான் தயார். கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு ஒத்துக்கொள்வதாக இருந்தேன்.

“அண்ணாச்சி, சென்னையில கூப்பிடுதாங்க. போகலாம்னு இருக்கேன்.”

நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் சுளிப்பு இல்லை.

“சரிளா. போயிட்டு வா.”

நான் நின்றேன். இன்னும் ஏதாவது வரும் என்று நின்றேன். ஒரு கண்டெய்னர் லாரி போனது. மானிட்டர் நடுங்கி அடங்கியது. அவர் திரும்பிக்கொண்டார்.

கீழே மதினி கருப்பட்டி நிறுத்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

“சரின்னுட்டாரா? எத்தன தடவ கேட்ட?”

“ஒரு தடவதான் மதினி.”

தராசுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். “அப்பம் உன்னை அனுப்பணும்னு ரொம்ப நாளா மனசுக்குள்ள உருட்டிக்கிட்டு இருந்திருக்காரு. உன் பொழப்பு கெட்டுப்போகுதுன்னு.”

“நான் போறேன்னு முடிவே பண்ணல மதினி. சும்மாத்தான் சொன்னேன்.”

“ஏறிப் போயி அதச் சொல்லு.”

“சொன்னா நம்புவாரா? சம்பளம் கூடுதலாக் கேக்கேன்னுதான் நினைப்பாரு.”

மதினி மறுபடி தராசுப் பக்கம் திரும்பினார். அந்த மனிதரிடம் ஒன்றை அது இருக்கிறபடி சொல்வதற்கு வழியே கிடையாது. எனக்கு இன்றைக்கும் அதுதான் ஆத்திரம்.

வீட்டுக்குக்கூடப் போகவில்லை. கடை வாசலிலேயே நின்று சென்னைக்குப் போன் செய்தேன். அவர்கள் ஒரு சம்பளம் சொன்னார்கள். வேறு எதுவும் கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டேன்.